பாப்-அப் ஹெட்லைட் ஆடுகிறதா? முதல் தலைமுறை மஸ்டா மியாட்டாவில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இரவில் ஓட்டும்போது சாலையில் விழும் வெளிச்சம் நடுங்குகிறது. பகலில் பார்த்தால், பாப்-அப் விளக்கின், அதாவது தேவைப்படும்போது மட்டும் பாடிக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் விளக்கின் மூடி அதிர்கிறது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் முன்பக்கத்தில் லொடலொட என்று சத்தம். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் பலருக்கு இது பழகிப்போன தொல்லை. 1989 முதல் 1997 வரை வந்த இந்தக் காரை அமெரிக்காவில் மியாட்டா என்று அழைத்தார்கள், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். மொத்தம் 4 லட்சத்துக்கும் மேல் தயாராயின. 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் விளக்குகளை நிலையாகப் பதித்துவிட்டார்கள். ஆகவே பாப்-அப் விளக்கு உள்ள மியாட்டா எதுவானாலும் அதன் ரப்பரும் நைலானும் கால் நூற்றாண்டு தாண்டி உழைத்தவை.

விளக்கு ஆடினால் பலர் உடனே மோட்டாரைத்தான் சந்தேகிக்கிறார்கள். பழைய பாகக் கடையில் தேடி இன்னொரு மோட்டார் வாங்கி மாட்டுகிறார்கள், ஆட்டம் அப்படியே இருக்கிறது. மோட்டாருக்கு உள்ள வேலை விளக்கைத் தூக்குவதும் இறக்குவதும்தான். தூக்கிய விளக்கை அசையாமல் நிறுத்துவது லிங்க் கம்பி, அதன் இரு முனைகளிலும் உள்ள புஷ் (பின்னைச் சுற்றி உட்காரும் நைலான் உறை), விளக்குச் சட்டம் போய் முட்டும் ஸ்டாப்பர், கீலின் பின் ஆகியவை. இவற்றில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்று விரலால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கும் வரை ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

உள்ளே நடப்பது என்ன

இரண்டு விளக்குக்கும் தனித்தனி மோட்டார். மோட்டாரின் தண்டில் ஒரு சின்னக் கை, அதாவது கிராங்க், நட் போட்டு இறுக்கியிருக்கும். அந்தக் கையிலிருந்து ஒரு லிங்க் கம்பி விளக்குச் சட்டத்துக்குப் போகும். விளக்குச் சட்டம் கீலில் சுழன்று எழும். மோட்டார் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றும். அரைச் சுற்று சுற்றினால் விளக்கு மேலே வரும், அடுத்த அரைச் சுற்றில் கீழே போகும்.

விளக்கு முழுதாக எழுந்து நிற்கும்போது கிராங்கும் லிங்க் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். கால் முட்டியை நேராக நீட்டி நின்றால் உடம்பின் பாரத்தைத் தசை தாங்க வேண்டியதில்லை, எலும்பே தாங்கிக்கொள்ளும். இங்கேயும் அதே கதைதான். காற்று மேலிருந்து அழுத்தினாலும் அந்த விசை மோட்டாரைத் திருப்பாது, நேராகத் தண்டில் போய் இறங்கிவிடும். இந்த நேர்கோடு சற்றே கலைந்தாலும் விளக்குக்கு ஊசலாட இடம் கிடைத்துவிடும். கீழே வரும் பல அறிகுறிகள் சுற்றிச்சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

கை வைக்கும் முன்

இந்த மோட்டார் சிறியது, ஆனால் பல்சக்கர வேகக்குறைப்பு இருப்பதால் அதன் இழுவை பெரிது. விளக்குச் சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே விரல் மாட்டினால் அது நிற்காது, நசுக்கிவிடும். அதனால் ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் மட்டும் உள்ளே கை விடக்கூடாது.

முதலில் விளக்கை மேலே கொண்டுவாருங்கள். டாஷ்போர்டின் நடுவில் அபாய விளக்கு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் உள்ள பட்டனை அழுத்தினால் விளக்கு எரியாமலே எழும். அப்புறம் பானட்டைத் திறந்து, ஃபியூஸ் பெட்டியில் ரிட்ராக்டர் என்று குறித்திருக்கும் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றிவிடுவது நல்லது. இந்தக் காரில் பேட்டரி முன்னால் இல்லை, பின்பக்க டிக்கியில் இருக்கிறது. ரேடியோவுக்குக் குறியீட்டு எண் உண்டென்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

ஃபியூஸையும் பேட்டரியையும் கழற்றும் முன்பே இன்னொரு வேலையை முடித்துவிட வேண்டும். சமதரையில் காரை ஒரு சுவருக்கு நேராக நிறுத்தி, லோ பீம் போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு விழும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி வையுங்கள். அமெரிக்காவில் இதற்கு 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர் தூரம் வைப்பது வழக்கம். உங்கள் வீட்டு வாசலில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் இருக்கிற தூரத்திலேயே செய்யுங்கள். வேலை முடிந்ததும் கார் அதே இடத்தில், அதே அளவு பெட்ரோலோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் குறி இல்லாமல் ஸ்டாப்பரைத் தொட்டால் பிறகு வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். 10, 12 மில்லிமீட்டர் ஸ்பேனரும் சாக்கெட்டும், டார்ச், துரு இளக்கும் எண்ணெய், சிலிகோன் கிரீஸ், வெள்ளை லித்தியம் கிரீஸ், நட் தானாகத் தளராமல் பிடிக்கும் திரெட் லாக்கர் பசை (கழற்றக்கூடிய நீல நிற வகை) போதும். ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இது ஜப்பானியக் கார், இதன் பிளஸ் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. பார்க்க ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் ஃபிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக இறங்காமல் நழுவி தலையைத் தேய்த்துவிடும். துருப்பிடித்த ஸ்க்ரூவில் ஒரு தடவை தலை தேய்ந்தால் அன்றைய வேலை அதோடு சரி.

விரல் சோதனை

விளக்கு மேலே, ஃபியூஸ் வெளியே. இப்போது விளக்கின் மூடியை இரு பக்கமும் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள், பிறகு இடமும் வலமும். பக்கத்து விளக்கையும் அதேபோல அசைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் முதல் துப்பு. கொஞ்சம் அசைவு நல்ல நிலையில் உள்ள விளக்கிலும் இருக்கும், பயப்பட வேண்டாம்.

அடுத்து, ஒரு கையால் அசைத்துக்கொண்டே மறுகையின் விரலை ஒவ்வொரு இணைப்பின் மேலும் வையுங்கள். விரல் நுனி இரண்டு பாகத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். மூடியும் சட்டமும் சேரும் இடம், சட்டமும் லிங்க் கம்பியும் சேரும் இடம், லிங்க் கம்பியும் கிராங்கும் சேரும் இடம், கிராங்கும் தண்டும் சேரும் இடம், மோட்டாரும் பாடியும் சேரும் இடம், கீல். வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் போங்கள். ஒரு பாகம் அசைந்து பக்கத்துப் பாகம் அசையாமல் நிற்கிற இடத்தில் விரலுக்கு டக் என்று தட்டும். மெக்கானிக்குகள் ப்ளே என்று சொல்வது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் ப்ளேகூட விரலுக்குத் தெரியும்.

இனி அறிகுறி வாரியாகப் பார்ப்போம்.

அறிகுறி: வண்டி நிற்கும்போது இரண்டு விளக்கும் நடுங்குகின்றன, ஓட்டினால் குறைகிறது

இது விளக்கின் குற்றம் இல்லை. ஐட்லிங்கில் எஞ்சின் அதிர்வது பாடி வழியாக வந்து, உயரத் தூக்கி நிற்கும் விளக்கில் பெரிதாகத் தெரிகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பாருங்கள். நடுக்கம் உடனே அடங்கினால் ஸ்பார்க் பிளக், பிளக் வயர், எஞ்சின் மவுண்ட் ஆகியவற்றைப் பாருங்கள். நான்கு சிலிண்டரில் ஒன்று ஒழுங்காக எரியாவிட்டாலே போதும், விளக்கு ஆடும். ரப்பர் மவுண்ட் காய்ந்து வெடித்திருந்தாலும் அப்படித்தான். இதைச் சரிசெய்யாமல் விளக்கை மட்டும் இறுக்கினால் அதிர்வு இன்னொரு இடத்தில் சத்தமாக வெளிவரும்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து ஆடுகின்றன

உள்கண்ணாடியைப் பாருங்கள், ஸ்டியரிங்கைப் பிடித்துப் பாருங்கள். அவையும் அதே வேகத்தில் நடுங்கினால் வீல் பேலன்சிங் செய்ய வேண்டும், டயரில் வீக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிலையான கூரை இல்லாத கார் என்பதால் மியாட்டாவின் பாடியே கரடுமுரடான சாலையில் சற்று முறுக்கிக்கொடுக்கும். டாஷ்போர்டும் விளக்கும் சேர்ந்து ஆடுவது அந்த முறுக்கத்தால் இருக்கலாம். அதைக் குறைக்கத்தான் அடியில் பொருத்தும் பிரேஸ் கம்பிகள் விற்கிறார்கள். ஆனால் முதலில் வீல் பேலன்சிங்தான். செலவும் குறைவு, பலனும் உடனே தெரியும்.

அறிகுறி: ஒரு விளக்கில் மட்டும் லொடலொட, மூடியைப் பிடித்தால் சத்தம் நிற்கிறது

இதுவே மிக எளிதானது. பாடி நிறத்தில் உள்ள மூடியும், விளக்கைச் சுற்றி வரும் கறுப்பு பிளாஸ்டிக் சட்டமும் தனித்தனிப் பாகங்கள். யாராவது பல்பு மாற்றக் கழற்றி, திரும்ப மாட்டும்போது ஒன்றிரண்டு ஸ்க்ரூவை விட்டிருப்பார்கள், அல்லது ஸ்க்ரூ பிடிக்கும் கிளிப் நட் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ போகும் ஓட்டை விரிந்திருந்தால் அகலமான வாஷர் ஒன்று போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டிக் பழையது, பலமாக முறுக்கினால் வெடிக்கும்.

மூடியைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் அதைச் சுற்றியுள்ள பெயின்ட் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மூடியின் போல்ட் ஓட்டைகள் சற்று நீளமாக இருக்கும், மூடியை நகர்த்திச் சரிசெய்வதற்காக. அதனால் கழற்றும் முன் போல்ட் தலையைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோட்டுக்குள் வந்தால் இடைவெளி பழையபடி சமமாக இருக்கும், மூடி இறங்கும்போது பாடியை உரசாது.

அறிகுறி: மூடி அசையவில்லை, ஆனால் வெளிச்சம் மட்டும் நடுங்குகிறது

கண்ணாடி விளக்கையே விரலால் அழுத்திப் பாருங்கள். 7 அங்குல வட்ட விளக்கு ஒரு உலோக வளையத்தால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்த வளையத்தின் சின்ன ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கலாம். அவை இறுக்கமாக இருந்தும் விளக்கு அசைந்தால், வெளிச்சத்தின் உயரத்தையும் பக்கத்தையும் மாற்றும் திருகுகள் போய்ச் சேரும் பிளாஸ்டிக் துண்டுகளைப் பாருங்கள். அவை வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், பசை போட்டால் நிற்காது. வளைய ஸ்க்ரூ என்று நினைத்து இந்தத் திருகுகளைத் திருகிவிடாதீர்கள்.

பலர் பழைய சீல்டு பீம் விளக்கை (பல்பும் கண்ணாடியும் ஒரே துண்டாக இருப்பது) எடுத்துவிட்டு எல்ஈடி விளக்கு போடுகிறார்கள். அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் கனமான அலுமினியம் வெப்பக்கழிப்பான் இருக்கும். எல்ஈடி மாட்டிய பிறகுதான் ஆட்டம் தொடங்கியது என்றால், பழைய விளக்கை ஒரு பக்கம் மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே இருந்த சின்ன ப்ளே, எடை கூடியதும் பெரிதாகியிருக்கும்.

அறிகுறி: முழு விளக்கும் மேலும் கீழும் ஆடுகிறது

இதுதான் மிக அதிகம் வருவது, இதில்தான் பொறுமையும் அதிகம் வேண்டும். நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்டாப்பர். விளக்குச் சட்டம் முழுதாக எழுந்ததும் எதில் போய் முட்டி நிற்கிறதோ அதைத் தேடுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் லாக் நட் போட்ட ஒரு போல்ட் கிடைக்கும். அந்த முட்டும் இடம் தேய்ந்தால் சட்டத்துக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே இடைவெளி விழும், அந்த இடைவெளிக்குள் விளக்கு ஊசலாடும். ஒரு காகிதத் துண்டை நடுவில் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் உருவ முடிந்தால் இடைவெளி இருக்கிறது. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்டாப்பர் போல்ட்டை வெளிப்பக்கமாகக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். காகிதம் இழுத்தால் வர வேண்டும், ஆனால் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அந்த நிலையில் போல்ட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்தபடி லாக் நட்டை இறுக்குங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆட்டம் போகவில்லையே என்று ஸ்டாப்பரை மேலும் மேலும் வெளியே திருப்பினால் விளக்கு தன் முழு உயரத்துக்குப் போகாமலே முட்டி நின்றுவிடும். கிராங்க் நேர்கோட்டுக்கு வராது, மோட்டார் தன் அரைச் சுற்றை முடிக்க முடியாமல் முக்கிக்கொண்டு நிற்கும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் மோட்டாரே சூடேறிக் கருகும். ஸ்டாப்பர் லேசாகத் தொட்டால் போதும். அதற்குப் பிறகும் ஆட்டம் இருந்தால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, லிங்க் கம்பியின் புஷ். கம்பியின் ஒவ்வொரு முனையையும் விரலால் பிடித்து உலுக்குங்கள். புஷ் தேய்ந்திருந்தால் பின்னைச் சுற்றி ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். இந்தக் காருக்கென்று டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடைந்த புஷ்கள் தனியாகக் கிடைக்கின்றன. முழு லிங்க்கையும் மாற்றுவதைவிட அது மலிவு. புஷ் வரும்வரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால், பின்னின் மேல் சூடுபட்டால் சுருங்கும் மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒன்றைச் சுருக்கி மாட்டலாம். சில வாரம் தாங்கும். அதையே நிரந்தரமாக நம்பாதீர்கள், அது கிழிந்ததும் பழைய ஆட்டம் வந்துவிடும்.

மூன்றாவது, கிராங்கைத் தண்டில் பிடிக்கும் நட். இது தளர்ந்தால் தண்டின் பற்களும் கிராங்கின் பற்களும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். இறுக்கும்போதும் கழற்றும்போதும் கிராங்கை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நீங்கள் போடும் விசை முழுவதும் மோட்டாருக்குள் இருக்கும் பல்சக்கரத்தில் போய் விழும். கிராங்கை வெளியே எடுக்க வேண்டி வந்தால் தண்டுக்கும் கிராங்குக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் விளக்கு முழுதாக எழாது, அல்லது முழுதாக இறங்காது. நட்டில் ஒரு சொட்டு நீல திரெட் லாக்கர் விடலாம்.

நான்காவது, மோட்டாரைப் பாடியோடு பிடிக்கும் போல்ட்டுகள். விளக்கை அசைக்கும்போது மோட்டாரே சேர்ந்து அசைகிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர்களில், பிரிட்டனிலோ கனடாவிலோ ஓடிய கார்களில், போல்ட் நன்றாக இருந்தும் அது பிடித்திருக்கும் தகடு துருவால் மெலிந்திருக்கும். அது வெல்டிங் வேலை. முதலில் பேட்டரியை முழுதாகக் கழற்றிவிட்டு, தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்தும் ஆடினால் மட்டுமே மோட்டாரின் பல்சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். மோட்டாரின் தலையில் ரப்பர் மூடிக்குள் கையால் திருப்பும் ஒரு குமிழ் இருக்கிறது. மோட்டார் வேலை செய்யாதபோது விளக்கைத் தூக்குவதற்காக வைத்தது. ஃபியூஸைப் பிடுங்கிய நிலையில், காரின் கையேட்டில் சொல்லியுள்ள திசையில் அதை மெதுவாகத் திருப்பி, கிராங்க் அசையத் தொடங்கும் வரை எவ்வளவு வெறுமனே சுற்றுகிறது என்று கவனியுங்கள். மறுபக்க மோட்டாரோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் மோட்டார் வாங்கும் யோசனை.

அறிகுறி: ஒருபக்க விளக்கு சற்றுத் தாழ்வாக நிற்கிறது, கூடவே ஆடுகிறது

இதற்கும் அந்தக் குமிழ்தான் சோதனை. விளக்கை மின்சாரத்தால் தூக்கிவிட்டு, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, குமிழைக் கொஞ்சம் திருப்புங்கள். விளக்கு இன்னும் சற்று எழுந்து, அந்த உயரத்தில் கெட்டியாக நின்றால், மோட்டார் நேர்கோட்டுக்கு முன்பே நின்றுவிடுகிறது என்று தெரியும். மோட்டாருக்குள் ஒரு வட்டத் தகடு சுழன்றபடி, எந்த இடத்தில் மின்சாரத்தை வெட்ட வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அந்தத் தொடுமுனையில் அழுக்கோ பச்சைக் களிம்போ படிந்தால் முன்கூட்டியே நின்றுவிடும். முதலில் மோட்டாரின் கனெக்டரையும் எர்த் வயரையும் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டுங்கள். அதிலேயே சரியாகிவிடலாம். ஆகாவிட்டால் மோட்டாரைத் திறந்து தகட்டைச் சுத்தம் செய்ய வேண்டும்.

விளக்கு நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாலும் இதே தகட்டின் கோளாறுதான் முதல் சந்தேகம். அப்படி நடந்தால் உடனே ஃபியூஸைப் பிடுங்கி, குமிழால் விளக்கை மேலே நிறுத்தி வீடு போய்ச் சேருங்கள்.

அறிகுறி: இடமும் வலமும் ஆடுகிறது

கீலின் பின்னும் அதன் புஷ்ஷும். பின் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தால் மாற்றலாம். கீல் தகடே வளைந்திருந்தால் கார் எப்போதோ முன்னால் இடித்திருக்கிறது. மூடியைச் சுற்றியுள்ள இடைவெளி ஒருபக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். அதை ஸ்க்ரூவால் சரிக்கட்ட முயல வேண்டாம், தகட்டை நிமிர்த்த வேண்டும்.

அறிகுறி: விளக்கு இறங்கியிருக்கும்போதுதான் சத்தம்

மூடி வந்து உட்காரும் கீழ் ரப்பர் காய்ந்து தட்டையாகியிருக்கும், அல்லது காணாமல் போயிருக்கும். அதே தடிமனுள்ள ரப்பர் துண்டை வெட்டி ஒட்டினாலே போதும். காய்ந்த ரப்பருக்கு சிலிகோன் கிரீஸ் தடவுங்கள், பெட்ரோலியம் கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

வேறு கார் வைத்திருப்பவர்களுக்கு

வரிசை எல்லாக் காருக்கும் ஒன்றுதான், உள்ளமைப்பு மாறும். போர்ஷே 944-இல் ஒரே மோட்டார், குறுக்கே ஒரு தண்டு போட்டு இரண்டு விளக்கையும் தூக்கும். அதனால் அங்கே ஒருபக்கம் மட்டும் ஆடினால் மோட்டாரைச் சந்தேகிக்கவே தேவையில்லை. செவ்ரலே கார்வெட் சி5-இல் கதை வேறு. அதன் மோட்டாருக்குள் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் பல் உதிர்வது பிரபலமான கோளாறு. விளக்கு எழுந்த பிறகும் மோட்டார் கர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தால் அதுதான். உலோகப் பல்சக்கரம் தனியாக விற்கிறார்கள். 1962-இல் வந்த லோட்டஸ் எலானில் மின் மோட்டாரே கிடையாது, எஞ்சினின் வெற்றிட உறிஞ்சலால் விளக்கு எழும். அங்கே விளக்கு தொங்கி ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது குழாயில் கசிவு இருக்கிறதா என்பதை. பாப்-அப் விளக்கோடு கடைசியாக வந்த கார்வெட்டும் லோட்டஸ் எஸ்ப்ரிட்டும் 2004-இல் நின்றுவிட்டன. ஆகவே எந்தக் காரானாலும் கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

மாட்டிய பிறகு

சுழலும் உலோக இடங்களில் வெள்ளை லித்தியம் கிரீஸ், நைலான் புஷ்களில் சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். துரு இளக்கும் எண்ணெயையே கிரீஸாக நினைத்து அடித்துவிட்டுப் போகக்கூடாது. அது வேகமாக ஆவியாகிவிடும், இருந்த கிரீஸையும் கழுவிவிடும்.

ஃபியூஸ் போடும் முன் குமிழைத் திருப்பி விளக்கை ஒரு முழுச் சுற்று ஏற்றி இறக்குங்கள். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். தட்டாவிட்டால் பேட்டரியை இணைத்து, ஃபியூஸ் போட்டு, பட்டனை அழுத்துங்கள். இரண்டு மோட்டாரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ஒரே மாதிரி சத்தத்தோடு நிற்க வேண்டும். நீங்கள் ஸ்டாப்பரைத் தொட்ட பக்கம் மட்டும் கடைசியில் முனகினால் ஃபியூஸை மறுபடி பிடுங்கி, ஸ்டாப்பரைக் கால் சுற்று உள்ளே திருப்புங்கள்.

அப்புறம் இருட்டியதும் சுவருக்கு முன் காரை அதே இடத்தில் நிறுத்தி, டேப் ஒட்டிய குறியோடு வெளிச்சத்தை ஒத்துப் பாருங்கள். ஸ்டாப்பரை நகர்த்தியிருந்தால் ஒளி சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். இப்போதுதான் உயரத் திருகைத் தொட வேண்டும், குறிக்குத் திரும்பி வரும்வரை மட்டும். சில நாள் ஓட்டிய பிறகு ஃபியூஸைப் பிடுங்கி ஸ்டாப்பரின் லாக் நட்டையும் கிராங்கின் நட்டையும் இன்னொரு தடவை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், புதிதாக இறுக்கியவை முதலில் சற்றுத் தளரக்கூடும்.